குட்டி யானையில் ஏறியவர் ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தாரா?

கேள்வி:

நாங்கள் நான்கு பேர், கல்லூரி நாளிலிருந்தே நண்பர்கள். எல்லோருக்கும் வயது முப்பத்தைந்தை ஒட்டி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பி மாமல்லபுரம்வரை போய் இட்லி சாப்பிட்டுத் திரும்புவதுதான் எங்களுடைய அதிகபட்ச சைக்கிள் சாகசமாக இருந்தது. இந்தப் பொங்கலுக்கு லீவு சேர்த்துப் போட்டுக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து ராமேஸ்வரம்வரை போய்விட்டோம். முதல் நாள் புதுச்சேரி, அடுத்து தரங்கம்பாடி, வேதாரண்யம், தொண்டி, ஐந்தாம் நாள் மாலை ராமேஸ்வரம். மறுநாள் காலையில் தனுஷ்கோடியின் அரிச்சல்முனையும் பார்த்துவிட்டு ரயிலில் திரும்பினோம்.

எங்கள் மூவரிடம் ஹைபிரிட் சைக்கிள். வங்கியில் வேலை பார்க்கும் நண்பனிடம் மட்டும் தடித்த டயர் போட்ட மவுண்டன் சைக்கிள். பஞ்சர் ஒட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பதால் பம்ப், டூல்ஸ், மாற்று டியூப்கள் எல்லாம் அவன் பையில் இருந்தன. முதல் நாளிலிருந்தே அவன் பின்தங்கினான். நாங்கள் முன்னால் போய் டீக்கடையில் காத்திருப்போம். அவன் வந்ததும் கிளம்புவோம். நான்காம் நாள் மல்லிப்பட்டினத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தும் ஆளைக் காணவில்லை. போன் செய்தால், “முட்டிக்கு முன்னாடி வலி தாங்கலைடா. ஒரு குட்டி யானை வந்துச்சு, சைக்கிளைத் தூக்கிப் போட்டு ஏறிட்டேன். உங்களைத் தாண்டித்தான் வந்தேன், நீங்க டீ குடிச்சுக்கிட்டு இருந்தீங்க” என்றான். மணமேல்குடியில் இறங்கி எங்களுக்காகக் காத்திருந்தான். முப்பது கிலோமீட்டருக்கு மேல் அந்தச் சின்ன சரக்கு வண்டியில் வந்திருக்கிறான். அங்கிருந்து தொண்டிவரையும், மறுநாள் ராமேஸ்வரம்வரையும் எங்களோடு ஓட்டித்தான் வந்தான்.

ஊர் திரும்பியதும் ‘சென்னை – ராமேஸ்வரம் 600 கி.மீ.’ என்று டீ-ஷர்ட் அடிக்கலாம் என்று பேசினோம். எங்களில் ஒருவன் வாட்ஸ்அப் குழுவில், “அவனுக்கு மட்டும் 570னு போடணும்” என்று விளையாட்டாக எழுதினான். வங்கிக்காரன் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான். போனையும் எடுப்பதில்லை. மற்ற இருவரும், “விதின்னா விதிதானே, முழுசா ஓட்டினாத்தான் முடிச்சதா அர்த்தம்” என்கிறார்கள். எனக்குக் குழப்பம். அவன் பயணத்தை முடித்தவனா, இல்லையா?

இன்னும் சில சந்தேகங்கள். என் இடது கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் திரும்பி வந்து பத்து நாளாகியும் மரத்தே இருக்கின்றன. தனுஷ்கோடி போய்வந்ததிலிருந்து செயின் செந்நிறமாகிக் கரகரக்கிறது. மே மாதம் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிடலாம் என்று இருக்கிறோம். உங்கள் யோசனை வேண்டும்.

– வாசகர், மேடவாக்கம்

பதில்:

விரலிலிருந்து ஆரம்பிக்கிறேன். நண்பரைச் சமாதானம் செய்ய இன்னும் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளலாம். நரம்பு விஷயத்தில் அப்படித் தள்ளிப்போட முடியாது.

சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்ச்சியைக் கொண்டுபோகிற அல்நார் நரம்பு, உள்ளங்கையின் அடியில் சுண்டுவிரல் பக்கத்து மேட்டில், இரண்டு சிறு எலும்புகளுக்கு இடையே இருக்கும் குறுகலான வழியாக விரல்களுக்குப் போகிறது. ஹைபிரிட் சைக்கிளின் நேரான ஹேண்டில்பாரில் நீங்கள் உடம்பின் பாரத்தைச் சாய்ப்பது மிகச் சரியாக அந்த மேட்டில்தான். ஐந்து நாள், நாளுக்கு ஆறு ஏழு மணி நேரம் அங்கேயே அழுத்தினால் நரம்பு மரத்துப்போகத்தான் செய்யும். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் பலருக்கும் வருவது இது. பெரும்பாலும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தானாகச் சரியாகிவிடும். அதுவரை நீண்ட ஓட்டம் வேண்டாம்.

ஆனால் இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே ஒரு தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேறொருவர் அதை உருவ வேண்டும். வலது கையில் நிற்கிற தாள் இடது கையில் வழுக்கிக்கொண்டு போனாலோ, கட்டைவிரல் நுனியை மடக்கினால்தான் பிடிக்க முடிகிறது என்றாலோ, விரல்களை விசிறி மாதிரி விரிக்க வரவில்லை என்றாலோ, தசைக்குப் போகும் இழையும் அடிபட்டிருக்கிறது என்று பொருள். அப்போது நேராக நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். மெடிக்கலில் ‘நரம்புச் சத்து மாத்திரை’ வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருப்பது நம் ஊர்ப் பழக்கம். அழுத்தத்தால் வந்த மரமரப்பை அது சரிசெய்யாது. சோதனையில் எல்லாம் சரியாக இருந்தாலும், இன்னும் இரண்டு வாரத்தில் மரமரப்பு குறையத் தொடங்கவில்லை என்றால் காட்டிவிடுங்கள்.

இது திரும்ப வராமல் இருக்க சைக்கிளில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா பாருங்கள். சாய்ந்திருந்தால் நீங்கள் முன்னால் சரிந்து சரிந்து கையால் உங்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள், அதைச் சமமாக்குங்கள். ஹேண்டில்பாரை ஒரு சென்டிமீட்டராவது உயர்த்துங்கள். இரண்டு முனைகளிலும் கொம்பு மாதிரி மாட்டுகிற பார்-எண்ட் விலை அதிகமில்லை. பிடியை மாற்றிப் பிடிக்க இன்னொரு இடம் கிடைக்கும். டயரில் காற்றைக் கல்லாக அடித்து வைப்பவரா நீங்கள்? கொஞ்சம் குறையுங்கள். கடற்கரைச் சாலையின் ஒவ்வொரு ஒட்டும் தையலும் உங்கள் உள்ளங்கைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

இனி வங்கி நண்பர். அவருக்கு வலி முட்டிக்கு முன்பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல் போதும். முன்பக்க வலிக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: சீட் தாழ்வாக இருப்பது, கனமான கியரில் அழுத்தி மிதிப்பது. மவுண்டன் சைக்கிள் வாங்குகிறவர்கள் கால் தரையில் பாவ வேண்டும் என்று சீட்டை இறக்கியே வைத்திருப்பார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டியில் சிறு மடிப்பு இருக்கும். அவ்வளவுதான் அளவு. கனமான கியர் எதனால் வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் போய்விட்ட மூன்று பேரைப் பிடிக்கப் போகிறவர் லேசான கியரில் நிதானமாகவா மிதிப்பார்?

உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் எழுதிவிட்ட ஒரு வாக்கியம் இருக்கிறது: “அவன் வந்ததும் கிளம்புவோம்.” எனக்கு முழு வழக்கும் அதில்தான் தெரிகிறது. தரங்கம்பாடி போன நாளை எடுத்துக்கொள்வோம்; தோராயமாக 120 கிலோமீட்டர். நீங்கள் மணிக்கு 22-ல் போனீர்கள், அவர் 18-ல் வந்தார் என்று வையுங்கள். உங்களுக்கு ஐந்தரை மணி நேரம். அவருக்கு ஆறே முக்காலை நெருங்குகிறது. இந்த ஒன்றேகால் மணி நேர வித்தியாசம் எங்கே போனது? நீங்கள் அதை டீக்கடை பெஞ்சில் ஓய்வாக எடுத்துக்கொண்டீர்கள். அவர் அதைச் சீட்டில் உட்கார்ந்து மிதித்தார். அவர் வியர்த்து வந்து சைக்கிளைச் சாய்க்கும்போது நீங்கள் மூவரும் டீ குடித்து, வடை தின்று, கால் நீட்டி, போரடித்து எழுந்து நிற்கிறீர்கள். ஆக, குழுவிலேயே அதிக நேரம் ஓட்டியவர் அவர். குறைவாக ஓய்வெடுத்தவரும் அவரே. அதுவும் நான்கு நாள் தொடர்ந்து. மல்லிப்பட்டினத்தில் அவர் முட்டி மறுத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அதற்கு முந்தைய நாளே மறுக்காததுதான் ஆச்சரியம்.

இதற்குமேல் அவர் சைக்கிள். முண்டு முண்டாக இருக்கும் தடித்த டயர் மண் பாதைக்கானது. தார்ச்சாலையில் ஒவ்வொரு முண்டும் அமுங்கி எழுந்து உழைப்பைத் தின்னும். முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் இருந்தால் மிதிக்கிற விசையில் கொஞ்சத்தை அதுவும் வாங்கிக்கொள்ளும். நால்வருக்கும் சேர்த்துப் பம்பும் டூல்ஸும் டியூப்களும் அவர் பையில். காற்று இன்னொரு கணக்கு. காற்றே அசையாத நாளில், 18-லிருந்து 22-க்கு வேகத்தைக் கூட்ட, காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கு மட்டும் ஏறக்குறைய 80 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிற செலவு அது. பார்வைக்கு நாலு கிலோமீட்டர் வித்தியாசம்தானே என்று தோன்றும். ‘கொஞ்சம் வேகமா வாடா’ என்று நீங்கள் சொன்னபோது அவரிடம் கேட்டது எவ்வளவு என்று இப்போது பாருங்கள்.

தை மாதத்து வாடை உங்களை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வடகிழக்கிலிருந்து வீசும் காற்று, நீங்கள் போனது தெற்கே. அது உங்கள் நால்வரின் தகுதியையும் கொஞ்சம் கூட்டிக் காட்டியிருக்கிறது. ராமநாதபுரம் தாண்டிக் கிழக்கே திரும்பியதும் என்ன ஆனது என்று நீங்கள் எழுதவில்லை. மண்டபம்வரை இடப்பக்கத்திலிருந்து வாங்கியிருப்பீர்கள். பாம்பனில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பழைய ரயில் பாலம் இயங்கிய காலத்தில் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். அந்தக் காற்றில், வலித்த முட்டியோடு, அந்தத் தடித்த டயரோடு அவர் பாலத்தைக் கடந்து ராமேஸ்வரத்துக்கு ஓட்டிவந்தார். நீங்கள் அதை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள்.

சரி, முடித்தவரா இல்லையா?

உங்கள் நண்பர்கள் இருவரும் சொல்லும் ‘விதி’ நிஜமாகவே ஓரிடத்தில் இருக்கிறது. பிரெவே என்கிற நெடுந்தூர ஓட்டங்களில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், 600-ஐ 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இடையிடையே சாவடிகளில் அட்டையில் பதிவு வாங்க வேண்டும். வண்டியில் ஏறினால் கணக்கு அத்தோடு முடிந்தது. அதில் பேரைக் கொடுத்துச் சேர்கிறவர்கள் அந்த நிபந்தனைக்குச் சம்மதித்துச் சேர்கிறார்கள். நீங்கள் நால்வரும் சென்னையில் கிளம்பும்போது அப்படி ஏதாவது பேசிக்கொண்டீர்களா? பேசியிருக்க மாட்டீர்கள். ஆட்டம் முடிந்த பிறகு விதியை எழுதி, அதில் தோற்றவர் யார் என்று தேடுவது விளையாட்டே இல்லை.

அந்த நெடுந்தூர மரபின் பழைய வேரைப் பார்த்தால் உங்கள் நண்பர்களுக்கு இன்னும் சங்கடமாக இருக்கும். 1897-ல் பன்னிரண்டு இத்தாலியர்கள் ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு 230 கிலோமீட்டரைப் பகல் வெளிச்சத்துக்குள் ஓட்டிவிடச் சேர்ந்து கிளம்பினார்கள். அதைப் பார்த்து ஆன்ரி தெக்ராஞ்ச் 1904-ல் பிரான்ஸில் ‘ஒடாக்ஸ்’ ஓட்டங்களை ஆரம்பித்தார். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய அதே ஆள்தான். அந்த ஒடாக்ஸ் முறை இன்றும் இருக்கிறது: குழுவுக்கு ஒரு சாலைத் தலைவர், மணிக்கு 22.5 கிலோமீட்டர் என்று கட்டிவைத்த வேகம், தலைவரைத் தாண்டி யாரும் முன்னால் போகக் கூடாது. எல்லோரையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அங்கே சாதனை. அந்த அளவுகோலை எடுத்தால் தரங்கம்பாடி வருவதற்குள்ளேயே விதியை மீறியவர்கள் நீங்கள் மூவரும்.

பயணக்காரர்களின் மரபு வேறு. 1923-ல் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். 1928-ல் ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர் ஓட்டித் திரும்பி வந்தபோது மூன்று பேர்தான் இருந்தார்கள்: அதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா. மற்ற மூவரில் ஒருவர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். கடல் குறுக்கிட்ட இடங்களில் அவர்கள் கப்பலில் போனார்கள். சைக்கிளும் கப்பலில்தான் போனது. அதனால் அவர்கள் உலகைச் சுற்றவில்லை என்று யாரும் கணக்குக் கழித்ததாக நான் கேள்விப்படவில்லை. அவர்களுக்கு அட்லாண்டிக், உங்கள் நண்பருக்கு மல்லிப்பட்டினம்.

எனவே என் தீர்ப்பு: அவர் உங்களோடு பயணத்தை முடித்தவர். வலி வந்ததும் வண்டியை நிறுத்தி, ஓய்வு கொடுத்து, மிச்சத்தை ஓட்டினாரே, அது நான்கு பேரில் ஒருவர் எடுத்த விவேகமான முடிவு. அழுத்தி மிதித்தே வந்திருந்தால் தொண்டியில் நீங்கள் மருத்துவமனை தேடியிருப்பீர்கள். ஆனால் ஒன்று. யாராவது உங்களிடம், ‘நாலு பேரும் முழுக்க ஓட்டினீங்களா?’ என்று கேட்டால், ‘ஆமா’ என்று சொல்லாதீர்கள். ‘ஒருத்தன் கொஞ்ச தூரம் குட்டி யானையில் வந்தான், எங்களைத் தாண்டிப் போனதுகூடத் தெரியாம டீ குடிச்சுக்கிட்டிருந்தோம்’ என்று சொல்லுங்கள். அவர் இல்லாத இடத்திலும் அப்படியே சொல்லுங்கள். உங்கள் பயணத்தில் இதுவரை நான் கேட்டதிலேயே நல்ல கதை அதுதான்.

டீ-ஷர்ட்டில் கிலோமீட்டரை எடுத்துவிடுங்கள். ஊர்ப் பெயர்கள் போதும்: சென்னை, புதுச்சேரி, தரங்கம்பாடி, வேதாரண்யம், தொண்டி, ராமேஸ்வரம். அத்தனை ஊரிலும் நால்வரும் படுத்து எழுந்திருக்கிறீர்கள். அதில் கழிக்க ஒன்றுமில்லை. அவருக்கு வாட்ஸ்அப்பில் மன்னிப்பு அனுப்ப வேண்டாம், குழுவில் திரும்பச் சேர்த்துவிட்டு ஒரு சிரிப்புப் பொம்மை போடவும் வேண்டாம். போனை எடுக்கவில்லை என்றால் வங்கி மூடும் நேரத்துக்கு வாசலில் போய் நில்லுங்கள். 570 என்று எழுதியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பம்ப் இன்னும் அவர் பையில்தான் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். நால்வர் போகிற பயணத்தில் ஒருவருக்கு மட்டும் பஞ்சர் ஒட்டத் தெரியும் என்பது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

அடுத்த முறைக்குச் சில ஏற்பாடுகள். மெதுவானவர் முன்னால் போகட்டும், வேகம் அவருடையது. அது முடியாது, கால் துறுதுறுக்கிறது என்றால் முன்னால் போங்கள், ஆனால் பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு ஒரு சந்திப்பு இடத்தைக் காலையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கே ஓய்வு என்பது கடைசி ஆள் வந்து சைக்கிளைச் சாய்த்த நிமிடத்திலிருந்து தொடங்கும். அவருக்குக் கால் மணி நேரம் முழுசாகக் கிடைக்க வேண்டும். டூல்ஸ் வேகமானவர் பையில் இருக்கட்டும், அவர் கடைசியில் வரட்டும். பின்னால் பஞ்சரானால் முன்னால் போன பம்பால் யாருக்கும் பயனில்லை. முதல் நாளே புதுச்சேரி என்று 150 கிலோமீட்டர் போட்டது பேராசை. மரக்காணத்தோடு நிறுத்தியிருந்தால் இரண்டாம் நாள் காலையில் நால்வரின் முகமும் வேறு மாதிரி இருந்திருக்கும். இரவு தங்கும் ஊர்களில் முடிந்தவரை ரயில் நிலையம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சிதம்பரம், நாகப்பட்டினம், ராமநாதபுரம் போல. ‘யாருக்காவது முடியலைன்னா ரயிலோ வண்டியோ ஏறிக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது’ என்று கிளம்புவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்டதால்தான் அவர் உங்களுக்கு போன் செய்யாமல் ஏறினார்.

நாளுக்குத் தூரத்தைக் குறைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. தரங்கம்பாடியில் தங்கினோம் என்கிறீர்கள். 1620-ல் டேனிஷ்காரர்கள் கடலோரம் கட்டிய கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். மல்லிப்பட்டினத்தில் முக்கால் மணி நேரம் பெஞ்சைத் தேய்த்தீர்களே, பக்கத்திலேயே மனோரா. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடத் தஞ்சை சரபோஜி மன்னர் கடற்கரையில் எழுப்பிய கோபுரம். ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு நம் மல்லிப்பட்டினத்தில் நினைவுச் சின்னம் என்பதே ஒரு வேடிக்கை. அதைப் பார்க்காமல் வந்ததற்காகத்தான் உங்கள் மூவருக்கும் கிலோமீட்டர் கழிக்க வேண்டும்.

செயினுக்கு வருவோம். தனுஷ்கோடியில் உப்பும் மணலும் காற்றோடு வந்து அப்பியிருக்கும். பத்து நாள் அப்படியே வைத்திருக்கக் கூடாது. இன்று மாலையே வாளியும் மக்கும் எடுத்துக்கொண்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பைக் கழுவுகிற கடையில் பிரஷர் கன்னைக் காட்டிவிடாதீர்கள். அச்சுகளுக்குள் இருக்கும் கிரீஸை அது அடித்துக்கொண்டு போய்விடும். துணியில் கொஞ்சம் டீசல் நனைத்துச் செயினைத் துடையுங்கள்; துணி கறுப்பாக வருவது நிற்கும்வரை துடைத்து, காயவிட்டு, பிறகு சைக்கிள் செயினுக்கென்று விற்கும் எண்ணெயை ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு விட்டு, மேலே ஒட்டியிருப்பதை வழித்துவிடுங்கள். வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெய் வேண்டாம், கிரீஸும் வேண்டாம். இரண்டும் மணலைப் பிடித்துவைக்கும்.

அதோடு ஓர் இரும்பு ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள். புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து எண்ணினால் இருபத்துநான்காவது பின் மிகச் சரியாகப் பன்னிரண்டாவது அங்குலத்தில் நிற்கும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயினோடு பின் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். புதுச் செயினை மட்டும் போட்டால் பல்லில் உட்காராமல் தாவும். சீட் தண்டையும் உருவித் துடைத்து, மெல்லிய கிரீஸ் தடவித் திரும்பப் போடுங்கள். அலுமினிய ஃப்ரேமுக்குள் இரும்புத் தண்டு இருந்து, நடுவே உப்புத் தண்ணீரும் போயிருந்தால், இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு ஒரு நாள் அசையவே அசையாது. பின்சக்கரக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். தொளதொளவென்று ஒன்று இருந்தால் அடுத்த பயணத்தில் உடையப்போவது அதற்குப் பக்கத்தில் இருப்பதுதான். பையின் பாரமெல்லாம் பின்னால்தானே இருந்தது.

கடைசியாகக் கொல்லிமலை. மே மாதம் வேண்டாம். வளைவுகளைவிட அடிவாரத்து வெயில்தான் உங்களை வீழ்த்தும். மழை ஓய்ந்த பிறகு, மார்கழியிலோ தையிலோ வையுங்கள். பைகளையெல்லாம் கீழே அறையில் விட்டுவிட்டு, தண்ணீரும் கடலை மிட்டாயும் மட்டும் எடுத்துக்கொண்டு காரவள்ளியிலிருந்து விடியற்காலையில் ஏறுங்கள். இறங்கும்போது பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வராமல் முன்னும் பின்னும் மாற்றி மாற்றி விட்டுப் பிடியுங்கள். சில வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்மை ஆறவிடுங்கள். ரிம் கொதித்து டியூப் வெடிப்பதெல்லாம் இறக்கத்தில் நடக்கிற சங்கதி.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் நால்வரும் உட்கார்ந்து பல்லை எண்ணுங்கள், சைக்கிளின் பல்லை. முன்னால் இருப்பதில் மிகச் சிறிய சக்கரத்தின் பற்கள் எத்தனை, பின்னால் இருப்பதில் மிகப் பெரியதின் பற்கள் எத்தனை. முன்னதைப் பின்னதால் வகுத்து வரும் எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் மலையில் உட்கார்ந்தபடி ஏறலாம். முன்னால் 42, பின்னால் 28 என்றால் ஒன்றரை வரும். ஒரு மிதிச் சுற்றுக்கு மூன்று மீட்டருக்கு மேல் உங்களையும் சைக்கிளையும் மேட்டில் தூக்க வேண்டும், எழுபது வளைவுக்கும். பத்தாவது வளைவில் இறங்கித் தள்ளுவீர்கள். அந்தக் காலத்தில் இதே தெக்ராஞ்ச், பல கியர் என்பது நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கானது என்று எழுதினார். டூர் டி பிரான்ஸில் கியர் மாற்றும் சாதனத்துக்கு 1937-ல்தான் அனுமதி கிடைத்தது. அந்த வீறாப்பு உங்களுக்கு வேண்டாம்.

வங்கி நண்பரின் மவுண்டன் சைக்கிளில் முன்னால் 22, பின்னால் 34 என்று இருக்க வாய்ப்புண்டு. வகுத்தால் 0.65. ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்கூட இல்லை. கடற்கரைச் சாலையில் அவரைப் படுத்திய அதே சைக்கிள், மழமழப்பான டயரை மாற்றிப் போட்டுச் சீட்டையும் உயர்த்திவிட்டால், கொல்லிமலையில் உங்கள் மூன்று ஹைபிரிட்டையும் விட்டுவிட்டு மேலே போய்விடும். செம்மேட்டில் முதலில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பவர் அவராகத்தான் இருப்பார். நீங்கள் போய்ச் சேர்ந்த நிமிடம் அவர் எழுந்து ‘கிளம்பலாமா?’ என்று கேட்காமல் இருக்க வேண்டுமானால், அந்தக் கால் மணி நேர ஓய்வு ஒப்பந்தத்தை இப்போதே நால்வரும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.